கட்டை விழும் கேமும் பெட்டி தள்ளும் கேமும்: புதிர் வீடியோ கேம்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிர் கேம் என்று எதைச் சொல்கிறோம்? சதுரங்கமும் புதிர்தானே?

சதுரங்கத்தில் எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் ஒரு நல்ல காய் நகர்த்தினால் அவர் அதைவிட நல்லதாக ஒன்று நகர்த்தப் பார்ப்பார். புதிரில் எதிராளி கிடையாது. புதிரைப் போட்டவர் எப்போதோ போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் விட்டுப்போன விதிகளோடு நீங்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

ஆற்றங்கரையில் புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் வைத்துக்கொண்டு முழிக்கும் மனிதனை நம் எல்லோருக்கும் தெரியும். படகில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஏற்றலாம். அவன் இல்லாத நேரத்தில் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். அக்கரை சேர்த்த ஆட்டை மறுபடி இக்கரைக்கே கூட்டி வர வேண்டும் என்பதுதான் அதில் சூட்சுமம். சேர்த்ததைத் திரும்ப எடுப்பது யாருக்கும் சட்டென்று தோன்றாது. இந்த மாதிரி ஒன்றைத் திரையில் போட்டு, கையில் பொத்தானைக் கொடுத்தால் அது புதிர் கேம்.

இவற்றைப் பத்து இருபது வகையாகப் பிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டு போதும். ஒரு வகை உங்களுக்காகக் காத்திருக்கும். எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் பெட்டி வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். இன்னொரு வகை காத்திருக்காது. காபி பொங்குவதற்குள் கட்டை தலைவரை ஏறிவிடும். முதல் வகைக்குப் பெட்டி தள்ளும் சோக்கோபான், இரண்டாவதற்குக் கட்டை விழும் டெட்ரிஸ். நான் காத்திருக்கும் கட்சி. கீழே சொல்லப்போவதில் அந்தச் சாய்வு தெரியும், மறைக்கப் போவதில்லை.

கம்ப்யூட்டரில் வந்த முதல் புதிர் எது?

ஒன்றை மட்டும் காட்டி இதுதான் முதல் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 1973இல் கிரகரி யாப் எழுதிய 'ஹண்ட் தி வம்பஸ்' கேமில் பின்னால் வந்த பலதின் விதை இருக்கிறது. படம் எதுவும் கிடையாது, வெறும் எழுத்து. ஒன்றோடொன்று இணைந்த 20 குகைகள், அதில் ஒன்றில் வம்பஸ் என்ற மிருகம். பக்கத்துக் குகையில் அது இருந்தால் நாற்றம் வரும், பள்ளம் இருந்தால் காற்று வீசும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை அக்கம்பக்கத்துத் தடயத்தை வைத்து ஊகிக்க வேண்டும். மைன்ஸ்வீப்பர் ஆடியவர்களுக்கு இது எங்கோ கேட்ட கதையாக இருக்கும்.

சோக்கோபான் என்கிறீர்களே, அது என்ன? பெட்டி தள்ளுவதில் அப்படி என்ன கஷ்டம்?

ஜப்பானிய மொழியில் சோக்கோபான் என்றால் கிடங்குக் காவலாளி. ஹிரோயுகி இமாபயாஷி என்பவர் 1981இல் உருவாக்கினார். அவருடைய 'திங்கிங் ராபிட்' நிறுவனம் 1982 டிசம்பரில் அதை வெளியிட்டது.

விதிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கிடங்கில் சில பெட்டிகள், தரையில் அதே எண்ணிக்கையில் குறியிட்ட இடங்கள். காவலாளி பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் தள்ளலாம். எல்லாப் பெட்டியும் குறியில் வந்து சேர்ந்தால் முடிந்தது.

அந்த 'இழுக்க முடியாது' என்பதில்தான் இருக்கிறது எல்லாம். ஒரு பெட்டியை மூலைக்குத் தள்ளிவிட்டால் கதை முடிந்தது. அதன் பின்னால் போய் நிற்க இடமே இல்லை. சுவரை ஒட்டித் தள்ளிவிட்டால் அந்தச் சுவர் ஓரமாகவே அதை நகர்த்த முடியும். அங்கே குறி எதுவும் இல்லையென்றால் அதுவும் செத்த பெட்டிதான். சுவரை ஒட்டி இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டால் இரண்டுமே அசையாது. வேடிக்கை என்னவென்றால், கேம் இதையெல்லாம் சொல்லாது. தோற்றுவிட்டீர்கள் என்று மணி அடிக்காது. நீங்கள் இன்னும் நாற்பது அடி நடந்து, மற்ற பெட்டிகளை எல்லாம் அழகாக அடுக்கிய பிறகுதான், பத்து நிமிடத்துக்கு முன்பு செய்த ஒரு தள்ளல் தப்பு என்று உறைக்கும்.

கம்ப்யூட்டருக்கும் இது கஷ்டம்தான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் கல்பர்சன், 1997இல், சோக்கோபான் கணினியியலில் மிகக் கடினமான ஒரு வகுப்பைச் சேர்ந்த கணக்கு என்று நிரூபித்தார். அதே பல்கலைக்கழகத்தில் ஜொனதன் ஷேஃபர் இருந்தார். பின்னாளில், 2007இல், செக்கர்ஸ் ஆட்டத்தை முழுவதுமாகத் தீர்த்துக் காட்டிய குழுவின் தலைவர் அவர். அவரும் அவருடைய மாணவர் ஆண்ட்ரியாஸ் யுங்ஹான்ஸும் சோக்கோபானுக்கென்றே ஒரு நிரல் எழுதினார்கள். பரவலாகப் பயன்பட்ட 90 லெவல்களில் பாதிக்குச் சற்று மேல்தான் அதனால் தீர்க்க முடிந்தது. அந்த 90இல் பலவற்றை மனிதர்கள் பொறுமையாக உட்கார்ந்து முடித்திருந்தார்கள். மனிதன் 'இந்த மூலைக்குப் போகவே கூடாது' என்று ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுகிறான். இயந்திரமோ ஒவ்வொரு மூலைக்கும் போய் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

டெட்ரிஸைக் கண்டுபிடித்தது யார்?

அலெக்ஸி பஜித்னோவ். மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் வேலை பார்த்தவர். ஆண்டு 1984.

அவருக்கு மரப் புதிர்களில் ஆசை. ஐந்து சதுரங்களை ஒட்டிச் செய்த 12 துண்டுகளை ஒரு பெட்டிக்குள் இடைவெளி இல்லாமல் அடுக்கும் பென்டமினோ என்ற புதிர் ஒன்று உண்டு. அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர நினைத்தார். பன்னிரண்டு அதிகமாகப் பட்டதால் ஒரு சதுரத்தைக் குறைத்தார். நான்கு சதுரங்களை வைத்தால் கிடைப்பது ஏழே வடிவம்; ஏழு என்றால் மனதில் நிற்கும். துண்டுகள் மேலிருந்து விழும்படி வைத்தார். சில வினாடிகளில் திரை நிரம்பி ஆட்டமே முடிந்துபோனது. சரி, நிரம்பிய வரியால் இனி ஒரு பயனும் இல்லையே, அது ஏன் அங்கே கிடக்க வேண்டும் என்று அதை மறைய வைத்தார். டெட்ரிஸ் உண்மையில் பிறந்தது அந்த நேரத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். அடுக்கி முடிக்கும் புதிராக இருந்தது அதன் பிறகு முடிவே இல்லாத ஆட்டமாகிவிட்டது.

அவர் வைத்திருந்த எலெக்ட்ரோனிகா 60 என்ற இயந்திரத்துக்குப் படம் வரையத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சதுரத்தையும் இரண்டு அடைப்புக்குறிகளால் காட்டினார். வண்ணம் வந்தது ஐபிஎம் பிசிக்கு மாற்றிய பிறகு. மாற்றியவர்களில் ஒருவர் வதிம் கெராசிமோவ். அப்போது அவருக்கு 16 வயது. நான்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு பஜித்னோவுக்குப் பிடித்த டென்னிஸைச் சேர்த்ததுதான் டெட்ரிஸ் என்ற பெயர்.

அப்படியானால் அவர் பெரும் பணக்காரராகியிருப்பாரே?

பல வருடம் ஒரு காசு வரவில்லை. சோவியத் நாட்டில் அரசு அலுவலகக் கம்ப்யூட்டரில் எழுதிய நிரலுக்குத் தனி ஆள் சொந்தம் கொண்டாட முடியாது. உரிமையைப் பத்து வருடத்துக்கு அரசிடமே விட்டுவிட்டார்.

வெளிநாட்டில் நடந்தது பெரிய கூத்து. ராபர்ட் ஸ்டைன் என்ற லண்டன் வியாபாரி, கேம் ஹங்கேரிவரை வந்திருந்ததைப் பார்த்துவிட்டு, மாஸ்கோவோடு முறையாகக் கையெழுத்தாகும் முன்பே அதை மற்றவர்களுக்கு விற்கத் தொடங்கிவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க, அவர் வேறொருவருக்கு விற்க, யாரிடம் என்ன உரிமை இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நம் ஊரில் தாய்ப் பத்திரம் இல்லாமல் மனை கைமாறுவது போலத்தான்.

1989 பிப்ரவரியில் ஹென்க் ரோஜர்ஸ் என்ற கேம் வெளியீட்டாளர் சுற்றுலா விசாவில் மாஸ்கோவுக்குப் போய், மென்பொருள் ஏற்றுமதியைக் கவனித்த எலோர்க் என்ற அரசு நிறுவனத்தின் கதவை அழைப்பில்லாமல் தட்டினார். ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டெண்டோ அப்போது கேம் பாய் என்ற கையடக்கக் கருவியை வெளியிடத் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கான உரிமை வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். தான் ஏற்கெனவே ஜப்பானில் டிவி கருவிக்காக விற்றுக்கொண்டிருந்த டெட்ரிஸ் கார்ட்ரிட்ஜை அங்கே எடுத்துக் காட்டினார். அதிகாரி நிகொலாய் பெலிகோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் பார்வையில் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் உரிமை கொடுத்திருந்தார்கள். ரோஜர்ஸ் சண்டை போடாமல், விற்றதற்கு உரிய பங்கைத் தந்துவிடுகிறேன் என்றார். அந்த ஒரு பேச்சில் நம்பிக்கை வந்துவிட்டது. கையடக்கக் கருவிக்கும், பிறகு வீட்டு டிவியில் மாட்டும் கருவிக்கும் உரிமை நின்டெண்டோ பக்கம் போனது. அட்டாரி கேம்ஸின் கிளையான டெங்கன் தனியாகப் போட்ட டெட்ரிஸை, நீதிமன்ற உத்தரவுக்குப் பின் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

கேம் பாயோடு டெட்ரிஸைச் சேர்த்தே கொடுத்தார்கள். மாரியோவைக் கொடுத்தால் சிறுவர்கள் வாங்குவார்கள், டெட்ரிஸைக் கொடுத்தால் எல்லோரும் வாங்குவார்கள் என்று நின்டெண்டோவிடம் வாதாடியதாக ரோஜர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிப்பு மட்டும் சுமார் மூன்றரைக் கோடி விற்றது. 1991இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பஜித்னோவின் கைக்கு உரிமை திரும்பியது 1996 வாக்கில்தான். அந்த வருடம் அவரும் ரோஜர்ஸும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் ராயல்டி என்ற ஒன்றை அவர் பார்த்தார்.

சின்ன வயதில் கையில் வைத்து ஆடிய 'பிரிக் கேம்' டெட்ரிஸ்தானா?

அதேதான், அனுமதி கேட்காத டெட்ரிஸ். சீனாவிலிருந்து வந்தவை. '9999 இன் 1' என்று மேலே அச்சடித்திருக்கும். உள்ளே எண்ணினால் பத்துப் பதினைந்து ஆட்டம்கூடத் தேறாது. அதே ஆட்டத்தை வேகம் மாற்றி, தொடக்கத்தை மாற்றி, வேறு வேறு எண் கொடுத்திருப்பார்கள். பத்துக்கு இருபது கட்டம், சாம்பல் நிறத் திரை. எங்கள் வீட்டில் ஒரு ஜோடி பென்சில் செல்தான் இருந்தது. டிவி ரிமோட்டுக்கும் பிரிக் கேமுக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். ரிமோட் வேலை செய்யாவிட்டால் குற்றவாளி யார் என்று தனியாக விசாரிக்கத் தேவை இருந்ததில்லை.

டெட்ரிஸை ஜெயிக்க முடியுமா?

பழைய டெட்ரிஸில் கட்டைகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வரும். இடப்பக்கம் வளைந்த கட்டையும் வலப்பக்கம் வளைந்த கட்டையும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒருநாள் திரை நிரம்பியே தீரும் என்று கணித ரீதியாக நிரூபித்திருக்கிறார்கள். இப்போதைய பதிப்புகள் கொஞ்சம் கருணை காட்டுகின்றன. ஏழு கட்டையையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஏழும் தீர்ந்த பிறகுதான் அடுத்த பையைத் திறக்கும். நீளக் கட்டைக்காக நாற்பது கட்டை காத்திருந்த காலம் போய்விட்டது.

நின்டெண்டோவின் பழைய டிவி கருவியில் கதை வேறு. அதில் 29ஆவது லெவலில் வேகம் தாங்காது. அதுதான் எல்லை என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு இளைஞர்கள் பொத்தானை மேலே அழுத்தாமல், கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் அடிப்பக்கத்தில் விரல்களை வரிசையாகத் தட்டும் முறையைப் பிடித்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுப் பையன் 157ஆவது லெவலில் கேமையே உறைந்துபோக வைத்தான். நிரலை எழுதியவர்கள் அவ்வளவு தூரம் யாராவது வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை, அதனால் அது அங்கே தடுமாறி நின்றுவிட்டது. ஜெயித்தது என்று சொல்வதா, உடைத்தது என்று சொல்வதா? நான் ஜெயித்தது என்றுதான் சொல்வேன்.

கண்ணை மூடினாலும் கட்டை விழுகிறதே, ஏதாவது கோளாறா?

பயப்படாதீர்கள். 2000ஆம் ஆண்டு ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழு சிலரைச் சில நாள் டெட்ரிஸ் ஆட வைத்துவிட்டு, தூக்கம் வரும் நேரத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டது. பலருக்கும் கட்டைகள் விழுந்தன. அவர்களில் ஞாபக மறதி நோயாளிகளும் இருந்தார்கள். கேம் ஆடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆனாலும் அவர்களில் சிலர் ஏதோ வடிவங்கள் விழுவதாகச் சொன்னார்கள்.

மைன்ஸ்வீப்பரில் அந்த எண்கள் என்ன? நான் சும்மா கிளிக் செய்துகொண்டே இருப்பேன்.

பிரவுசிங் சென்டர் காலத்தில் நெட் வராத நேரமெல்லாம் எல்லோரும் அதைத்தான் செய்தோம். வெடி ஒளிந்த கட்டத்தைத் தொடாமல் மற்றதையெல்லாம் திறப்பதுதான் ஆட்டம். எண்ணின் பொருள் இதுதான்: அந்தக் கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் அத்தனை வெடி இருக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் கண்மூடிக் கிளிக் செய்யமாட்டீர்கள். திறந்த பகுதியின் ஓரத்தில் 1, 2, 1 என்று மூன்று எண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நேர்கீழே திறக்காத வரிசை. மேல்பக்கம் எல்லாம் திறந்தாயிற்று. நடுவில் உள்ள 2, தனக்குக் கீழே உள்ள மூன்று கட்டங்களில் இரண்டு வெடி என்கிறது. இடதும் நடுவும் வெடி என்று வைத்துப் பாருங்கள். அப்போது இடப்பக்க 1 இரண்டு வெடியைத் தொடும், தப்பு. நடுவும் வலதும் என்றால் வலப்பக்க 1க்கு அதே சிக்கல். ஆக வெடி இரண்டு ஓரத்திலும்தான், நடுக்கட்டம் பத்திரம். 1, 2, 2, 1 வந்தால் நேர்மாறு: வெடி இரண்டு 2களுக்கும் கீழே. இந்த இரண்டைத் தெரிந்துகொண்டாலே நடுத்தர நிலையை முடித்துவிடலாம்.

ராபர்ட் டானர், கர்ட் ஜான்சன் என்ற மைக்ரோசாஃப்ட் ஊழியர்கள் எழுதியது 1990இல் வெளியானது. 1992இல் விண்டோஸ் 3.1ஓடு ஊரெல்லாம் பரவியது. நிபுணர் நிலையில் 480 கட்டம், 99 வெடி. யூகிக்காமல் முடிக்க முடியுமா என்றால், எப்போதும் முடியாது. கடைசி இரண்டு கட்டம், ஒரு வெடி, ஒரு தடயமும் இல்லை என்று வந்து நிற்கும். புதிர் போட்டவர் செய்யக்கூடாத காரியம் இது. ஏனென்றால் இங்கே போட்டவர் ஆளில்லை, குலுக்கல். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கேய், 2000இல், ஒரு மைன்ஸ்வீப்பர் பலகையில் உள்ள எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சொல்வதே கணினியியலின் புகழ்பெற்ற பத்து லட்சம் டாலர் பரிசுக் கேள்வியோடு (விடையைச் சரிபார்ப்பது சுலபமான கணக்கைத் தீர்ப்பதும் சுலபமா என்ற கேள்வி) தொடர்புள்ளது என்று காட்டினார். அலுவலகத்தில் மேலாளர் பிடித்துவிட்டால் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. கண்ணிவெடியை விளையாட்டாக்குவது சரியில்லை என்று இத்தாலியில் எதிர்ப்பு கிளம்பி, விண்டோஸின் பின்வந்த சில பதிப்புகளில் வெடிக்குப் பதில் பூக்கள் வந்தன. இலங்கையின் வடக்கில் போர் முடிந்து வெகுகாலம் மிதிவெடி அகற்றும் வேலை நடந்தது. எச்சரிக்கைப் பலகை கட்டிய வளவைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை நினைத்தால் அந்தப் பூக்கள் எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

லெம்மிங்ஸ்?

1991, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம், டிஎம்ஏ டிசைன். பச்சை முடிக் குட்டி மனிதர்கள் எதிரே பள்ளமா நெருப்பா என்று பாராமல் நடந்துகொண்டே இருப்பார்கள். நீங்கள் அவர்களுக்கு எட்டு வேலைகளைப் பிரித்துக் கொடுக்கலாம்: தோண்டு, ஏறு, படி கட்டு, நின்று மறி, இப்படி. கடிகாரமும் ஓடும், யோசனையும் வேண்டும். என் இரண்டு கட்சிகளுக்கும் நடுவே அழகாக உட்கார்ந்த கேம் இது ஒன்றுதான். அதே நிறுவனம்தான் பின்னால் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவை உருவாக்கியது, நம்பக் கஷ்டம்தான்.

கேண்டி கிரஷ் புதிர் கேமா?

இதற்குத்தான் சண்டை வரும்.

முதலில் வரலாறு. மூன்றைச் சேர்த்தால் மறையும் யோசனை கேண்டி கிரஷுடையது இல்லை. விழும் ரத்தினங்களை வரிசையாக்கும் 'காலம்ஸ்' 1990இலேயே வந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்துக் காய்களை இடம் மாற்றிச் சேர்க்கும் முறை ரஷ்யாவில் 1994இல் எவ்கெனி அலெம்ஜின் எழுதிய 'ஷாரிகி'யில் இருந்தது. சின்னப் பந்துகள் என்று பொருள். 2001இல் பாப்கேப் நிறுவனம் 'பிஜ்வெல்ட்' என்று அதை மெருகேற்றியது. 2012இல் கிங் நிறுவனம் மிட்டாய் ஆக்கியது. 2016இல் ஆக்டிவிஷன் பிளிஸார்ட் அந்த நிறுவனத்தை சுமார் 590 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. ரஷ்யப் பந்துகளுக்கு இப்படி ஒரு யோகம்.

இது உங்களுக்காகக் காத்திருக்கும் கேம் போலத்தான் தெரியும். நீங்கள் தொடாதவரை ஒன்றும் அசையாது. ஆனால் மறைந்த இடத்துக்கு மேலிருந்து என்ன விழும் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டு நகர்வுக்கு அப்பால் யோசித்துப் பயனில்லை. சோக்கோபானில் தோற்றால் தப்பு என்னுடையது. இங்கே தோற்றால் என் தப்பா, விழுந்த மிட்டாயின் தப்பா என்று பிரிக்க முடியாது. அதுவும் இன்னும் ஒரே ஒரு நகர்வு கிடைத்திருந்தால் முடித்திருப்போம் என்ற இடத்தில் தோற்போம். அந்த நேரம் பார்த்துக் காசு கொடுத்தால் ஐந்து நகர்வு தருகிறேன் என்று கேட்கும். ஐந்து உயிர் தீர்ந்தால் ஒன்று திரும்ப அரை மணி நேரம். இங்கே காத்திருப்பது கேம் இல்லை, நாம்தான்.

இதையெல்லாம் என் சித்தியிடம் ஒருநாள் ஆவேசமாகச் சொன்னேன். அவர் பல ஆயிரம் லெவல் தாண்டியவர், ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது புதிருன்னு உனக்கு யாருடா சொன்னா? பூக் கட்டுற மாதிரி இது. கை பாட்டுக்குப் போகும், மனசு கொஞ்சம் ஆறும்" என்றார். அதன் பிறகு நான் இந்த விஷயத்தில் குரலை உயர்த்துவதில்லை.

2048 எங்கிருந்து வந்தது?

ஒரே எண் உள்ள கட்டங்களைத் தேய்த்து ஒட்ட வைத்து, இரட்டிப்பாக்கிக்கொண்டே 2048 வரை சேர்க்கும் கேம் இது. ஆஷர் வோல்மரும் கிரெக் வோல்வெண்டும் ஒரு வருடத்துக்கு மேல் செதுக்கி 2014 பிப்ரவரியில் 'த்ரீஸ்' என்று ஒரு கேம் வெளியிட்டார்கள். அதைப் பார்த்து ஒரு நகல் வந்தது. அந்த நகலைப் பார்த்து, இத்தாலியின் கேப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இளைஞர் ஒரு வார இறுதியில் 2048ஐ எழுதி மார்ச்சில் இலவசமாக விட்டார். அசல் இருக்கும் இடம் தெரியாமல் போனது. த்ரீஸ்தான் ஆழமான கேம் என்று அதன் ரசிகர்கள் இன்றும் புலம்புவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

ஒரு கணக்கு. ஒவ்வொரு நகர்வுக்கும் பெரும்பாலும் ஒரு 2, பத்தில் ஒரு முறை 4 வரும். சராசரி 2.2. ஆக 2048 சேரச் சராசரியாக 930 நகர்வாவது ஆகும். சும்மா தேய்த்தால் வராது. பெரிய எண்ணை ஒரு மூலையில் உட்கார வைத்து, அதை அங்கிருந்து எழுப்பாமல் ஆடுங்கள்.

கதையோடு வரும் புதிர்கள் உண்டா?

நிறைய. 1993இல் ராண்ட், ராபின் மில்லர் சகோதரர்கள் வெளியிட்ட 'மிஸ்ட்' ஆளில்லாத தீவில் உங்களை இறக்கிவிட்டு, எதற்கு வந்தீர்கள் என்றுகூடச் சொல்லாது. 2007இல் வால்வ் வெளியிட்ட 'போர்ட்டல்' என் மனதுக்கு இன்னும் நெருக்கம். சுவரில் ஒரு வாசல் சுடலாம், வேறொரு சுவரில் இன்னொன்று. இதில் நுழைந்தால் அதில் வெளியே வரலாம். உயரத்திலிருந்து குதித்துத் தரையில் உள்ள வாசலில் விழுந்தால், அந்த வேகத்தோடு பக்கச் சுவரிலிருந்து பறந்து வருவீர்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த உந்தம் என்ற சொல் எனக்கு வயிற்றில் புரிந்தது அந்தக் கேமில்தான். கல்லூரி மாணவர்கள் சிலர் செய்திருந்த ஒரு சின்ன கேமைப் பார்த்துவிட்டு, அவர்களையே வேலைக்குச் சேர்த்து உருவாக்கியது இது.

ஜொனதன் ப்ளோவின் 'பிரெய்ட்' (2008) காலத்தைப் பின்னோக்கி ஓட்ட விடும். லூகஸ் போப்பின் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' (2018) ஒரு கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன ஆயிற்று என்று உங்களைக் கணக்கெழுத வைக்கும்.

சோக்கோபான் வம்சத்தில் இப்போது யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், செழிப்பாக. பின்லாந்தின் ஆர்வி தெய்காரி 2019இல் வெளியிட்ட 'பாபா இஸ் யூ'வைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதிலும் பெட்டி தள்ளுவதுதான், ஆனால் பெட்டிகள் சொற்கள். 'சுவர்', 'என்பது', 'தடை' என்ற பொருளில் மூன்று சொல் பெட்டிகள் வரிசையாக நிற்கும்வரை சுவர் தடுக்கும். ஒன்றைத் தள்ளி வரிசையைக் கலைத்தால் சுவருக்குள்ளேயே நடந்து போகலாம். 'பாறை என்பது நீ' என்று அடுக்கினால் அடுத்த நொடி நீங்கள் பாறை. 'நீ' என்ற சொல்லைத் தவறித் தள்ளிவிட்டால், அந்தத் திரையில் நீங்கள் என்று யாருமே இல்லை. நல்லவேளை, செய்ததை அழித்துப் பின்னால் வர ஒரு பொத்தான் உண்டு.

சுடோகு, வேர்டில் எல்லாம் இந்தக் கணக்கில் வருமா?

சுடோகு தாளில் பிறந்தது. 1979இல் அமெரிக்காவின் ஹோவர்ட் கார்ன்ஸ் உருவாக்கியதாகக் கருதப்படுகிறது. 1984இல் ஜப்பானின் நிகோலி பதிப்பகம் கையில் எடுத்து அதற்கு இந்தப் பெயர் அமைந்தது. உலகமெல்லாம் பரவியது கம்ப்யூட்டரால். ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வெய்ன் கூல்ட், சுடோகுவைத் தானாகத் தயாரிக்கும் நிரல் எழுதி, 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸ் நாளிதழில் இடம்பிடித்தார்.

வேர்டிலில் ஒளித்து வைத்த ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சியில் கண்டுபிடிக்க வேண்டும்; எந்த எழுத்து சரி என்று நிறத்தால் காட்டும். அதை ஜோஷ் வார்டில் தன் துணைக்காக எழுதினார். 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்தார். 2022 ஜனவரி முடிவதற்குள் நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது. தமிழில் இதைச் செய்யப்போனால் சுவாரசியமான சிக்கல் ஒன்று வரும். அங்கே 26 எழுத்து, இங்கே 247. ஒளித்து வைத்த சொல்லில் 'கி' இருக்கிறது, நீங்கள் 'கா' போட்டீர்கள். சரியா, தப்பா? முழுத் தப்பு என்றால் ஆறு முயற்சியில் யாரும் கரையேற மாட்டார்கள். மெய் சரி, உயிர் தப்பு என்று சொல்ல இன்னொரு நிறம் வேண்டும். தொல்காப்பியம் படித்தவர்கள்தான் விதி எழுத வேண்டும்.

மாட்டிக்கொண்டால் விடையைத் தேடிப் பார்க்கலாமா?

விழும் கேமில் அந்தக் கேள்வியே இல்லை. காத்திருக்கும் கேமில், பாருங்கள், யாரும் தண்டிக்கப் போவதில்லை. ஆனால் ஒருமுறை பார்த்த விடையைப் பார்க்காததாக ஆக்க முடியாது. அந்தக் கட்டம் உங்களுக்கு அவ்வளவுதான். என் வழக்கம் இது: மூடி வைத்துவிட்டுத் தூங்குவேன். மறுநாளும் வரவில்லையென்றால், எந்த இடத்தில் 'இதைச் செய்யவே கூடாது' என்று நானாக முடிவு கட்டினேன் என்று பார்ப்பேன்.

சோக்கோபானில் ஒரு லெவலில் இரண்டு வாரம் கிடந்தேன். ஆறு பெட்டியில் ஐந்து குறியில் உட்கார்ந்துவிட்டது, ஆறாவதுக்கு வழி இல்லை. ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து வந்து அதே ஐந்தை அதே இடத்தில் வைத்துவிட்டு ஆறாவதோடு முட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் தோன்றியது: முதலில் வைத்த பெட்டியைக் குறியிலிருந்து வெளியே தள்ளி, ஆறாவதை உள்ளே விட்டு, பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆட்டை இக்கரைக்குக் கூட்டி வந்த அதே வேலை.